கத்தரிக்காய் நிரபராதி

முதலில் கைதானது கத்தரிக்காய்தான்.

கழுத்தில் ஆரம்பித்துத் தோள், முதுகு, இடுப்பு என்று எனக்குச் சிவந்து சிவந்து தடித்துக்கொண்டிருந்தது. நள்ளிரவில் சொறிகிற சத்தம் கேட்டு எழுந்து வந்த அத்தை விளக்கைப் போட்டார். முதுகைப் பார்த்தார். விசாரணை தொடங்கியது.

"ராத்திரி என்னடா சாப்ட்ட?"

"எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு."

"அதான். கரப்பான் பண்டம். அதுவும் ராத்திரியில."

விசாரணை முடிந்தது. வாய்தா இல்லை, சாட்சி இல்லை, மேல்முறையீடு இல்லை. நம் நீதிமன்றங்கள் அத்தையிடம் பாடம் படிக்கலாம். மறுநாளே கத்தரிக்காய் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. உடந்தையாக இருந்ததாகக் கருவாடு. அடுத்த வாரம் நிலக்கடலை. பிறகு துணி சோப்பு, புதுப் பனியன், மாடி வீட்டுக்காரர் வளர்க்கும் புறா. ஒவ்வொருவராகப் பிடித்து உள்ளே போட்டோம். தடிப்பு மட்டும் ஜாமீனில் சுற்றிக்கொண்டிருந்தது.

நம் ஊரில் இதற்குக் காணாக்கடி என்று பெயர். கடித்தது எது என்று கண்ணால் காணாததால் காணாக்கடி. மருத்துவர்கள் அர்ட்டிகேரியா என்கிறார்கள். எனக்கு ஊர்ப் பெயர்தான் பிடித்திருக்கிறது. கடித்தவனைப் பார்க்கவில்லை என்று நேர்மையாக ஒப்புக்கொள்கிற பெயர் அது. அந்த நேர்மை பெரிய பெயர்ப் பலகைகளுக்குப் பின்னால் எனக்குக் கிடைக்கவில்லை.

யாருமே சந்தேகப்படாத ஆள் ஒருவன் இருந்தான். மூன்று வருடமாக ராத்திரி ஒன்பதரை மணிக்குத் தவறாமல் என் நாக்கில் ஏறிய மாத்திரை. தடிப்பு வருவதற்கு ஐந்து நாள் முன்புதான் அதை நிறுத்தியிருந்தேன். அவன்மேல் எப்படிச் சந்தேகம் வரும்? குற்றம் நடந்தபோது அவன் ஊரிலேயே இல்லையே!

அவன் ஊரில் இல்லாமல் போனதுதான் குற்றமே என்று புரிந்துகொள்ள எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. புரிந்ததைச் சொன்னபோது கேட்க ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

* * *

அப்பா இறந்த வருடம் என் தூக்கமும் அவரோடு போயிற்று. பசி போயிற்று. காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டு முடிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. மனநல மருத்துவர் மிர்டாசபின் 15 மில்லிகிராம் எழுதினார். அந்த மாத்திரையை நான் பழிக்க மாட்டேன். மூழ்கியவனைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டது அது. தூங்கினேன், சாப்பிட்டேன், மறுபடி அலுவலகம் போனேன். மனநோய் மாத்திரை எல்லாமே விஷம் என்று மேடையில் முழங்கிவிட்டு, மேடைக்குக் கீழே லேகியம் விற்கிற கூட்டத்தோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

என் சண்டை வேறு. மாத்திரையைத் தொடங்கியபோது மருத்துவர் அரை மணி நேரம் பேசினார். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் மூளையைப் படம் வரைந்து காட்டினார். மூன்று வருடம் கழித்து, "நல்லாயிட்டேன் சார், நிறுத்தலாமா?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "ஒரு வாரம் பாதி போடுங்க. அப்புறம் நிறுத்திடுங்க. அவ்வளவுதான்."

எண்ணிப் பார்த்தேன். ஏழு சொற்கள். அறம், பொருள், இன்பம் எல்லாவற்றையும் ஏழு சீரில் அடக்கியவர் திருவள்ளுவர். அவருக்கு அடுத்து இவரைத்தான் பார்க்கிறேன். வள்ளுவருக்குப் பழைய உரைகள் பத்து என்பார்கள். இவருக்கு ஒரே உரைதான். அது என் முதுகில் எழுதப்பட்டது.

உரையைக் காட்டலாம் என்று அவரிடமே போனேன்.

"மாத்திரையத்தான் நிறுத்தியாச்சே. இல்லாத மாத்திரை எப்படி அலர்ஜி பண்ணும்? இது ஸ்கின் கேஸ். ஸ்கின் டாக்டரப் பாருங்க."

தோல் மருத்துவர் பார்த்தார். தொட்டுக்கூடப் பார்த்தார், அதற்கு நன்றி. வேறு ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டார். சொன்னேன். பெயரைக் கேட்ட மறுகணம் அவர் பார்வை என் முதுகிலிருந்து என் முகத்துக்கு மாறியது. அந்தப் பார்வையை மனநல மாத்திரை சாப்பிட்ட எல்லோருக்கும் தெரியும். "ஓ... டென்ஷன் ஜாஸ்தி போல. மனச ரிலாக்ஸா வச்சுக்கோங்க. எதுக்கும் உங்க சைக்கியாட்ரிஸ்ட ஒரு தடவ பாத்துடுங்க."

இரண்டு அறைகளும் ஒரே தாழ்வாரத்தில்தான் இருந்தன. நடுவே இருபது அடி. அந்த இருபது அடிக்குள் நான் மூன்று வாரம் குடித்தனம் நடத்தினேன். இந்தப் பக்கம் மனம், அந்தப் பக்கம் தோல், நடுவில் டோக்கனோடு நான்.

அவர்கள் படித்த பாடப் புத்தகத்திலேயே ஒரு விஷயம் இருக்கிறது. கரு உருவாகும் மூன்றாவது வாரத்தில் அதன் வெளி அடுக்கு தோன்றுகிறது. அதில் ஒரு பகுதி உள்ளே மடிந்து மூளையும் தண்டுவடமும் ஆகிறது. இன்னொரு பகுதி வெளியே விரிந்து மேல்தோல் ஆகிறது. மூளையும் தோலும் கூடப் பிறந்தவர்கள். அண்ணனுக்கு அடி விழுந்தால் தம்பி கத்துவான். தாய் வயிற்றில் ஒன்றாக இருந்த அந்த இரண்டு பேருக்கும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர்கள்தான் இன்று, "அவனுக்கும் இவனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறார்கள்.

* * *

சம்பந்தம் என்று வந்துவிட்டதால் குலம் கோத்திரம் பார்த்துவிடலாம். பெண் பார்க்கப் போனால் ஏழு தலைமுறை விசாரிக்கிற ஊர் இது. வாயில் போடுகிற மாத்திரைக்கு ஒரு தலைமுறையாவது விசாரித்தோமா? நான் விசாரித்தேன். அரிப்பில் தூக்கம் வராதவனுக்கு வேறென்ன வேலை?

1940-களில் பிரான்சின் ரோன்-பூலாங் நிறுவனம் ஒவ்வாமை மருந்துகளைத் தேடிக்கொண்டிருந்தது. உடம்பில் ஹிஸ்டமின் என்றொரு வேதிப்பொருள் இருக்கிறது. தோலில் தடிப்பையும் நமைச்சலையும் கிளப்பிவிடுவது அதுதான். அதை அடக்க அங்கே பிறந்தது புரோமெத்தசின். அதே குடும்பத்தில் 1950-ல் பால் ஷார்பாந்தியே என்ற வேதியியலாளர் குளோர்புரோமசினை உருவாக்கினார். 1952-ல் பாரிஸின் சேன்ட்-ஆன் மருத்துவமனையில் அது மனநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. நவீன மனநல மருந்துகளின் காலம் அங்கேதான் தொடங்குகிறது. அரிப்பு மாத்திரையின் வயிற்றிலிருந்து.

பிறகு வந்தவர்களும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். ஸ்வீடனில் அர்விட் கார்ல்சனும் கூட்டாளிகளும் புரோம்ஃபெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்தைத் திருத்தி ஜிமெலிடினை எடுத்தார்கள். செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளைக் குறிவைத்து விற்பனைக்கு வந்த முதல் தலைமுறை மனச்சோர்வு மருந்து அது. புரோம்ஃபெனிரமின் யார் தெரியுமா? நம் வீட்டு அலமாரியில் காலங்காலமாகக் கிடக்கும் அவில் மாத்திரையின் பங்காளி. உலகப் புகழ் பெற்ற புரோசாக்கைத் தேடிய பயணமும் டைஃபென்ஹைட்ரமின் என்ற ஒவ்வாமை மருந்தின் வடிவத்திலிருந்துதான் புறப்பட்டது. டாக்செபின் என்ற மனச்சோர்வு மாத்திரையைக் களிம்பாக்கி அரிப்புக்குத் தடவவே விற்றார்கள்.

என் மிர்டாசபினும் சளைத்ததல்ல. அது ஹிஸ்டமினின் வாசலைப் பலமாக அடைக்கிறது. எனக்குத் தூக்கம் வந்ததில் அந்த அடைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. சிறுநீரக நோயிலும் ஈரல் நோயிலும் வருகிற தீராத அரிப்புக்கு இதே மாத்திரையை எழுதிக் கொடுக்கிற மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

ஆக, மூன்று வருடம் ஹிஸ்டமினின் வாசலில் ஒரு காவலாளி நின்றான். அடைபட்ட வாசலுக்குப் பின்னால் உடம்பு அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை காவலாளி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். பிறகு என்ன நடக்கும்? கட்டுத்தறியிலிருந்து எருமை அவிழ்ந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது, என் தோல்மேல்.

அரிப்பை அடக்கும் மருந்து என்று நூலில் இருக்கிறது. அந்த மருந்தை நிறுத்தினால் அரிப்பு வரலாம் என்று ஊகிக்க நோபல் பரிசு வேண்டியதில்லை. கேட்டால், சம்பந்தமே இல்லை என்கிறார்கள். சொத்து எழுதும்போது பேரன். கடன்காரன் வாசலில் வந்து நின்றால், "யாருங்க அது?"

* * *

இன்னொரு வேடிக்கை. தாங்க முடியாமல் மாத்திரையை மறுபடி தொடங்கினேன். இரண்டே நாளில் தடிப்பு அடங்கியது. துள்ளிக் குதித்து மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். வழக்கில் துப்புக் கிடைத்துவிட்டது என்று நினைப்பு எனக்கு.

அவரும் துள்ளிக் குதித்தார். "பாத்தீங்களா? உங்களுக்கு மாத்திரை தேவைப்படுது. நோய் இன்னும் உள்ள இருக்கு."

கும்பகோணத்துக்காரர் ஒருவர் என்றாவது காலைக் காப்பியைத் தவறவிட்டால் பத்து மணிக்கு மண்டை பிளக்கும். காப்பி உள்ளே போனதும் வலி போய்விடும். அவருக்குப் பிறவியிலேயே காப்பிக் குறைபாட்டு நோய் என்று எந்த மருத்துவரும் எழுதியதில்லை. ஏனென்றால் மருத்துவரும் காப்பி குடிக்கிறார். மிர்டாசபினை நிறுத்திய மருத்துவர் ஒருவர் அன்று எதிரே உட்கார்ந்திருந்தால் என் வழக்கு வேறு மாதிரி போயிருக்கும்.

ஏறக்குறைய அப்படி ஒருவர் இருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. மார்க் ஹோரோவிட்ஸ். மனநலத் துறை ஆய்வாளர். தானே மனச்சோர்வு மருந்தை நிறுத்தப் போய், படாத பாடு பட்டவர். பட்ட பிறகுதான் கணக்குப் போட்டார். 2019-ல் டேவிட் டெய்லரோடு சேர்ந்து 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் அந்தக் கணக்கை எழுதினார். அதுவரை அந்தக் கணக்கை நோயாளிகள் உடம்பில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கணக்கு இதுதான். சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை 20 மில்லிகிராம் சாப்பிட்டால், அது பிடிக்க வேண்டிய இடங்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தைப் பிடித்துவிடுகிறது. அளவைப் பாதியாக்கினால் பிடி 40-க்கு இறங்கும் என்று நாம் நினைப்போம். இல்லை. கிட்டத்தட்ட 70-ல் நிற்கிறது. மூளையைப் படம் எடுத்தே பார்த்திருக்கிறார்கள். அதாவது மொட்டை மாடியிலிருந்து இறங்கும் முதல் படி ஒரு சாண் உயரம். சுகமாக இருக்கும். "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல" என்பார்கள். அடுத்த படி எங்கே என்று காலால் தடவினால், அடுத்த படி கிடையாது. தரைதான். பாதி போட்டுவிட்டு நிறுத்து என்கிற ஏழு சொல் குறளின் பொருள், இரண்டாம் அடியில் மாடியிலிருந்து குதி என்பது.

* * *

இவ்வளவு பெரிய உலகத்தில் இது ஒருவருக்கும் தெரியாமலா இருந்தது? தெரிந்திருந்தது. பெயர் வைப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

1996 டிசம்பரில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் நிபுணர்கள் கூடினார்கள். மாத்திரையை நிறுத்தும்போது வருகிற தொல்லைகளைப் பற்றிப் பேச்சு. செலவு எலி லில்லி நிறுவனத்துடையது. பெயரில் எலி இருப்பதற்கு நான் பொறுப்பல்ல. அவர்களுடைய புரோசாக் உடம்பைவிட்டு வாரக்கணக்கில் மெதுவாக வெளியேறுகிற மருந்து. போட்டி மாத்திரைகள் சீக்கிரம் வெளியேறும், அவற்றை நிறுத்தினால் தொல்லை அதிகம். ஆகவே விஷயத்தைப் பேசுவதில் அவர்களுக்கு ஆர்வம் இருந்தது. ஆனால் சாராயத்துக்கும் அபினுக்கும் சொல்கிற 'வித்டிராயல்' என்ற சொல்லை நம் மாத்திரைக்கும் சொல்லலாமா? கூடாது. 'நிறுத்தல் நோய்க்குறி' என்ற பெயர் நிலைத்தது. நிறுத்தியது யார்? நோயாளி. அப்படியானால் குற்றம் யார்மேல்? பெயரிலேயே தீர்ப்பு இருக்கிறது. எங்கள் அத்தை தோற்றார்.

அறிகுறிகளை மாணவர்கள் மனப்பாடம் செய்ய ஆறெழுத்து வாய்பாடு ஒன்றும் வந்தது. ஃபினிஷ். காய்ச்சல் போன்ற வலி, தூக்கமின்மை, குமட்டல், தள்ளாட்டம், உணர்வுக் கோளாறு, படபடப்பு. தடிப்புக்கு அதில் ஒரு எழுத்து ஒதுக்கவில்லை. என் முதுகு முழுக்க இடம் இருந்தது. அவர்கள் வாய்பாட்டில் இடம் இல்லை. வாய்பாட்டில் இல்லாதது உடம்பில் வந்தால் அது உடம்பின் ஒழுங்கீனம்.

எவ்வளவு நாள் இருக்கும் என்பதற்கும் விடை தயாராக இருந்தது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் எழுதும் அமைப்புக்கு நைஸ் என்று பெயர். லேசாகத்தான் இருக்கும், ஏறக்குறைய ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும், சிலருக்குக் கடுமையாகலாம் என்று 2009-ல் எழுதி வைத்தது. அதில் ஒரு வாரம் மட்டும் கடல் தாண்டி எல்லா மருத்துவர் வாயிலும் ஏறிக்கொண்டது. நீண்ட காலமாகக் கஷ்டப்பட்டவர்கள் கத்தோ கத்தென்று கத்திய பிறகு, 2019 அக்டோபரில் நைசாக மாற்றி எழுதியது. சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கலாம், கடுமையாகவும் இருக்கலாம் என்று. இடையில் பத்து வருடம். பத்தாவது நாளும் அவஸ்தைப்பட்டவர்களிடம், "ஒரு வாரம் ஆயிடுச்சே, இது அது இல்ல, பழைய வியாதி திரும்பிடுச்சு" என்று சொல்லி மறுபடி மாத்திரை எழுதப்பட்ட பத்து வருடம். அவர்களிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா? வழிகாட்டுதல்கள் மன்னிப்புக் கேட்பதில்லை. அடுத்த பதிப்பு வெளியிடும்.

கத்தியவர்களுக்கு யாரும் காதுகொடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2002-ல் பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சி செரோக்சாட் என்ற மனச்சோர்வு மாத்திரையைப் பற்றிப் பேசியபோது 1,374 மின்னஞ்சல்கள் குவிந்தன. நியூகாசிலில் ஹெதர் ஆஷ்டன் என்றொரு பேராசிரியர் 1982 முதல் 1994 வரை, தூக்க மாத்திரையையும் பதற்ற மாத்திரையையும் விட முயன்றவர்களுக்காக ஒரு சிகிச்சையகம் நடத்தினார். வந்தவர்கள் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டார். அவருடைய கையேட்டில் தோல் தடிப்பு இருக்கிறது, அரிப்பு இருக்கிறது, பூச்சி ஊர்வது போன்ற உணர்வு இருக்கிறது. அவரிடம் தனி இயந்திரம் எதுவும் இல்லை. வந்தவன் பேசும்போது அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். இந்தத் தொழில்நுட்பம் இன்னும் நம் ஊருக்கு இறக்குமதியாகவில்லை.

எத்தனை பேருக்கு வருகிறது என்பதில் இப்போதும் அடிதடி. பாதிக்குமேல், 56 சதவீதம் என்றது ஒரு தொகுப்பாய்வு. 2024-ல் வந்த இன்னொன்று, மருந்தே இல்லாத மாவு மாத்திரையை நிறுத்தியவர்களிலேயே நூற்றுக்குப் 17 பேர் தொல்லை சொல்கிறார்கள், அதைக் கழித்தால் மருந்தின் பங்கு 15 சதவீதம்தான் என்றது. சரி, கழித்துக்கொள்ளுங்கள். ஆறேழு பேரில் ஒருவர். கடைசிப் பந்தியில் ஆறேழு இலைக்கு ஒரு இலை சோறில்லாமல் போனால் கல்யாணத்தில் கலவரம் வெடிக்கும் ஊரில், 'தான்' என்ற இரண்டெழுத்தைப் போட்டு அந்த ஒருவரை மூடிவிடுகிறார்கள்.

* * *

நக்கலைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன். இந்தப் பத்தியில் சிரிப்பு இல்லை.

எல்லாத் தடிப்பும் நிறுத்தியதால் வந்த தடிப்பு அல்ல. சில தடிப்பு உயிரைக் குடிக்கும். லாமோட்ரிஜின், கார்பமசெபின் போன்ற மாத்திரைகளைத் தொடங்கிய வாரங்களில் காய்ச்சலோடு தடிப்பு வந்தாலோ, எந்த மாத்திரையானாலும் வாயிலும் கண்ணிலும் புண் வந்தாலோ, தோல் கொப்பளித்து உரிந்தாலோ, உதடு வீங்கி மூச்சு இழுத்தாலோ, உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். லாமோட்ரிஜினைச் சில நாள் விட்டுவிட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. அடியிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும். முக்கியமாக, இதைப் படித்துவிட்டு யாரும் இன்று ராத்திரி மாத்திரையைத் தூக்கி எறியாதீர்கள். எறிவதைத்தான் நான் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

தொடங்கும்போது வருகிற தடிப்புக்கு உலகம் மரியாதை கொடுக்கக் கற்றுக்கொண்டது. கார்பமசெபினால் யாருக்குத் தோல் உரியும் ஆபத்து என்பதை முன்கூட்டிச் சொல்லும் மரபணுச் சோதனை ஒன்று உண்டு. தமிழர்களும் வாழும் சிங்கப்பூரில் 2013 முதல், புதிதாக அந்த மாத்திரையைத் தொடங்குமுன் அந்தச் சோதனையைச் செய்யச் சொல்கிறார்கள். வருகிறவனுக்கு ரத்தினக் கம்பளம். போகிறவனுக்கு? அவன் வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து போகிறவன். அவன் முதுகை யார் பார்ப்பது?

* * *

இறங்குவதற்குப் படி செய்ய முடியாதா என்றால், முடியும். நெதர்லாந்தில் பீட்டர் குரூட், ஜிம் வான் ஓஸ் போன்றவர்களின் முயற்சியில், 28 நாளைக்கு நாளுக்கொரு பொட்டலமாக அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும் சுருள்களைச் செய்துவிட்டார்கள். அங்கேயும் காப்பீட்டு நிறுவனங்கள் காசு கொடுக்க மூக்கால் அழுதன. ஏறுவதற்குக் கொடுப்பார்களாம், இறங்குவதற்குக் கொடுக்க மாட்டார்களாம். இங்கிலாந்தில் என் மிர்டாசபின் திரவமாகவே கிடைக்கிறது. சொட்டுச் சொட்டாகக் குறைக்கலாம்.

எங்கள் ஊர்க் கடையில் கிடைத்த ஆகச் சிறிய மாத்திரை 7.5. அதற்குக் கீழே வேண்டும் என்று கேட்டேன்.

"அதுக்குக் கீழ எதுக்குண்ணே? யாரும் கேக்க மாட்டாங்களே" என்றார் கடைத் தம்பி. நல்ல பையன். கவுண்டரிலிருந்து ஒரு பிளேடை எடுத்துக் கொடுத்தார். இந்திய மருந்துத் துறை எனக்கு வழங்கிய ஒரே இறங்கு கருவி அந்தப் பிளேடுதான். உலகத்துக்கே மாத்திரை செய்கிற நாடு இது. ஆறு மாதக் குழந்தைக்குச் சொட்டு மருந்தில் வாழைப்பழ வாசனை சேர்க்கத் தெரிந்த நாடு. கால் மாத்திரை செய்யத் தெரியாதாம்.

எனக்காவது ஒரு மாத்திரை. மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராமையும் பதற்றத்துக்கான குளோனசெபாமையும் ஒரே மாத்திரையில் சேர்த்து இங்கே விற்கிறார்கள். இரண்டும் வேறு வேறு சாதி மருந்து. ஒன்றை ஒரு வேகத்தில் குறைக்க வேண்டும், மற்றதை இன்னொரு வேகத்தில். ஒரே நுகத்தில் பூட்டிய காளையும் கழுதையும். ஒன்றை அவிழ்த்துவிடலாம் என்றால் இரண்டும் சேர்ந்து மேலே விழும். விழுந்த இடத்தில் தடிப்பு வந்தால், ஆமாம், கத்தரிக்காய்.

அந்தத் தடிப்புக்கு என்ன எழுதுவார்கள்? எனக்கு எழுதியது செட்ரிசின். "தினம் ஒண்ணு, எத்தன நாளானாலும் போடலாம், ஒண்ணும் ஆகாது." 2025 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. செட்ரிசினையும் லெவோசெட்ரிசினையும் நீண்ட நாள் சாப்பிட்டு நிறுத்தியவர்களில் சிலருக்குக் கடுமையான அரிப்பு வருகிறதாம். 2017-க்கும் 2023-க்கும் இடையில் உலகம் முழுவதும் 209 பேர். அரிதுதான், அமைப்பே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அழகைப் பாருங்கள். மாத்திரையை நிறுத்தியதால் வந்த அரிப்புக்கு மாத்திரை. அந்த மாத்திரையை நிறுத்தினால் அரிப்பு. அதற்கொரு மாத்திரை எழுதினால் திருவாரூர்த் தேர் போல நிலைக்கு வராமல் நான்கு வீதியையும் சுற்றிக்கொண்டே இருக்கலாம். வடம் பிடிப்பது நாம்.

கவனித்தீர்களா? அரிப்புக்கென்றே பிறந்த மாத்திரை, நிறுத்தினால் அரிப்பைத் தருகிறது என்று அரசு அமைப்பே ஒப்புக்கொண்டுவிட்டது. அதே வேலையைச் செய்யும் மனநல மாத்திரையை நிறுத்தியவன் சொன்னால் மட்டும் அவனுக்கு டென்ஷன்.

கோபம் அங்கேதான் வருகிறது. எட்டு வாரச் சோதனையில் தேறிய மாத்திரைகளை எட்டு வருடம் எழுதிக் கொடுக்கிறீர்கள். எழுதும் கைக்கு இறக்கும் கணக்குச் சொல்லித்தர ஒரு மணி நேரப் பாடம் உண்டா? புறநோயாளிச் சீட்டில், 'நிறுத்திய பின் என்ன ஆயிற்று?' என்று கேட்க ஒரு கோடு இடம் உண்டா? பக்க விளைவுகளைப் பதிவு செய்ய இந்த நாட்டில் 2010 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. 1800-180-3024 என்று கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. நோயாளியே சொல்லலாம். அந்த எண்ணை எந்த மருத்துவமனைச் சுவரில் பார்த்தீர்கள்? சுவரில் இருப்பதெல்லாம் 'செருப்பை வெளியே விடவும்'. செருப்போடு சேர்த்து உங்கள் சொந்த அனுபவத்தையும் வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

* * *

கடைசியில் எனக்கொரு மருத்துவர் கிடைத்தார். சிறிய அறை, பழைய மின்விசிறி. என் முதுகைப் பார்த்துவிட்டு முகத்தையும் பார்த்தார், ஆனால் பார்வை மாறவில்லை. "எனக்கு இது சரியாத் தெரியாது. ஆனா நீங்க சொல்றத நம்பறேன். மெதுவா இறக்குவோம்" என்றார். தெரியாது என்று ஒரு மருத்துவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். பாதி நமைச்சல் அங்கேயே போயிற்று.

இறங்க பதினொரு மாதம் பிடித்தது. இரண்டு முறை தடிப்பு எட்டிப் பார்த்தது. அந்தப் படியிலேயே சில வாரம் உட்கார்ந்தோம். போய்விட்டது. கடைசித் துணுக்கையும் விட்டு இப்போது ஐந்து மாதம்.

போன ஞாயிறு அத்தையிடம் மறுவிசாரணை மனு போட்டேன்.

"கத்தரிக்காய் இல்லன்னா அப்ப யாருதாண்டா கடிச்சது?"

சொன்னேன். மாத்திரை போட்டதால் இல்லை, போடாமல் விட்டதால் என்று. பீனிக்ஸ், நைஸ், ஹிஸ்டமின் எல்லாவற்றுக்கும் தயாராக உட்கார்ந்திருந்தேன். அத்தை அவ்வளவு தூரம் போகவில்லை.

"அட, நான் வெத்தலையை விட்டப்போ ஒரு மாசம் வாயெல்லாம் நமநமன்னு இருந்துச்சு. பழகின ஆளு போனா ஒடம்பு தேடாதா? இத ஏன் டாக்டருங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அத்தை எழுந்து முறத்தோடு சந்தைப் பையை எடுத்து வந்தார். உள்ளே ஊதா நிறத்தில் பிஞ்சுக் கத்தரிக்காய் அரைக் கிலோ. தீர்ப்பை மாற்றி எழுத அவருக்குப் பத்து வருடம் தேவைப்படவில்லை.

"இத்தன நாளா வீணா அதத் திட்டிட்டோம்" என்று சொல்லிக்கொண்டே காம்பைக் கிள்ளினார்.

இந்த வழக்கில் மன்னிப்புக் கேட்ட ஒரே நீதிபதி அவர்தான். அதுவும் கத்தரிக்காயிடம்.